கை தூக்கினால் ஆட்டம் நிற்கும்

அந்தப் பெண் முதல் நாள் விசில் ஊதியபோது, விளையாட வந்திருந்த பிள்ளைகள் மொத்தமும் ஓடிப்போய்ச் சுவரோரமாக ஒட்டி நின்றுகொண்டார்கள். நடு இடத்தில் அவள் மட்டும்தான் நின்றாள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். எங்கள் வீட்டு மாடிப்படியில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாச்சு? ஏன் ஓட்றீங்க?" என்று கேட்டாள்.

"லாரி வருதுக்கா!" என்றான் ஒரு பொடியன். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். லாரியைக் காணோம்.

கவரைப்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு குடோன் இருக்கிறது. இரும்புக் கம்பிச் சுருள் ஏற்றி வரும் டிரெய்லர்களுக்கு உள்ளே திரும்ப இடமில்லை. அதனால் தெருமுனையிலிருந்தே பின்பக்கமாகத்தான் வரும். கிளீனர் இறங்கி, விசில் ஊதிக்கொண்டே வழிகாட்டுவார். ஆக, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விசில் என்றால் ஒரே அர்த்தம்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஓட வேண்டும். நடக்கக் கற்கும்போதே இதையும் கற்றுக்கொண்டு விடுவார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் லைன் வீடுகளின் கடைசி அறையில் குடியேறிய பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? புதிதாக விசில் வாங்கி, சிவப்புக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாவம்.

என் மகளுக்கு மட்டும்தான் அந்தப் பாடம் தெரியாது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. காதில் மாட்டுகிற மிஷின் இருக்கிறது. அதில் அவளுக்கு இரைச்சல்தான் கேட்குமே தவிர வார்த்தை கேட்காது. வியர்த்தால் கழற்றி எறிந்துவிடுவாள். போன வருடம் ஒருநாள் தெருவில் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளை, பின்னால் வந்த டிரெய்லரின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளீனர் பாய்ந்து இழுத்தார். விசில் அவர் வாயிலேயே இருந்தது. என்னைவிட அவர்தான் அதிகமாக நடுங்கினார். அன்றிலிருந்து அவளுக்கு வெளியே போவதென்றால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான். நான் வேலைக்குப் போனால் அவள் வீட்டுக்குள். நைட் ஷிப்டு முடித்து வரும் அவளுடைய அப்பா, வாசற்படியை அடைத்துப் பாயைப் போட்டுத்தான் தூங்குவார். அவரைத் தாண்டாமல் அவள் வெளியே போக முடியாது.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டியில், கார் கதவுக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி செய்கிற கம்பெனியில். மிஷினிலிருந்து வந்து விழும் கைப்பிடியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, பிசிறு இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் இந்தப் பழக்கம் போகாது. யாரைப் பார்த்தாலும் கண் முதலில் பிசிறைத்தான் தேடும். என் வீட்டுக்காரரைக் கல்யாணமான வாரமே சிவப்பு டப்பாவில் போட்டுவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

அப்படிப்பட்ட என் கண்ணில்தான் அந்தப் பெண் விழுந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியில் சேஃப்டி பிரிவில் வேலை. தெருவில் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "என்னால பாத்துக்கினு இருக்க முடியல" என்று சொல்லி, லீவு நாட்களில் சாயங்காலம் பிள்ளைகளைப் பின்பக்கத்துக் காலி மனைக்கு அழைத்துப் போக ஆரம்பித்தாள். விற்பதற்காகப் பிரித்து மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, வாங்க ஆள் வராமல் கிடக்கிற இடம். வேலையற்ற வேலை, ரெண்டு வாரத்தில் அலுத்துப்போகும் என்று நினைத்தேன்.

முதல் நாள் விசில் சமாச்சாரத்திலேயே என் கணக்கு கொஞ்சம் ஆட்டம் கண்டது. வேறு யாராக இருந்தாலும், "இது லாரி விசில் இல்ல, விளையாட்டு விசில். ஓடாதீங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இந்தத் தெருவுல விசில் கேட்டா ஓடத்தான் ஓணும். அந்தப் பழக்கத்த நான் கெடுக்கக் கூடாது நைனா" என்றாள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லோருமே அவளுக்கு நைனாதான். அப்புறம் ஒருநாளும் அந்த விசிலை அவள் வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை.

விசிலுக்குப் பதிலாக அவள் கொண்டுவந்தது அவளுடைய கம்பெனி வழக்கம். அங்கே யார் ஆபத்தைக் கண்டாலும், அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், கையைத் தூக்கி மிஷினை நிறுத்தச் சொல்லலாமாம். ஏன் நிறுத்தினாய் என்று மேனேஜர்கூடத் திட்டக் கூடாதாம். எங்கள் கம்பெனியிலும் அப்படி எழுதி மாட்டியிருக்கிறார்கள், நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். இவள் அதைப் பிள்ளைகளுக்குச் சட்டமாக்கினாள். யாருக்காவது பயமாக இருந்தால், வலித்தால், மூச்சு வாங்கினால், தரையில் கம்பித் துண்டைப் பார்த்தால், கையைத் தூக்க வேண்டும். அதைப் பார்க்கிறவர்கள் தாங்களும் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லாக் கையும் மேலே போய்விடும். அவள் மட்டும் நடந்துபோய் முதலில் தூக்கியவரிடம், "இன்னா பாத்தே?" என்று கேட்பாள். பதில் எதுவானாலும், "பாத்ததுக்கு தேங்க்ஸ்" என்பாள். அவர் கையை இறக்கினால்தான் ஆட்டம் திரும்பத் தொடங்கும். வேறு யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மாட்டிக்கொள்கிற நேரம் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். கொசு கடித்தது என்று தூக்கினார்கள். பானிபூரி வண்டி போகிறது என்று ஒருத்தன் தூக்கினான். அன்றைக்கெல்லாம் ஓடியதைவிடக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதுதான் அதிகம். மாடிப்படியில் நின்ற எனக்கே எரிச்சலாக வந்தது, இறங்கிப்போய் ரெண்டு போடலாமா என்று கை துறுதுறுத்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவனிடமும் நடந்துபோய், "இன்னா பாத்தே நைனா?" என்று புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டாள். கொசுவுக்கும் தேங்க்ஸ் சொன்னாள். கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கே சலித்துப்போய், தேவைக்கு மட்டும் தூக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.

விளையாட்டிலும் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. மிஷின் துடைக்கக் கம்பெனிகளில் பனியன் வேஸ்ட் என்று ஒரு துணி வரும். அதைப் பட்டையாகக் கிழித்து ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் வாலாகச் செருகிவிடுவாள். அடுத்தவர் வாலைப் பறிக்க வேண்டும். தள்ளக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது, வாலைத் தவிர எதையும் தொடக் கூடாது. வேகமாக ஓட முடியாதவர்கள் ஒரு மனைக்கல் பக்கத்தில் நின்றுகொண்டு, கிட்டே வருகிறவர்களின் வாலைப் பறிக்கலாம். அந்தக் கற்களுக்கெல்லாம், யாரும் இடறி விழாதபடி, சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். வாலை இழந்தவர்களுக்கு அவுட் கிடையாது. அவளிடம் ஓடிவந்து குதித்துக் காட்டினால் புது வால் கிடைக்கும்.

அவுட் இல்லாமல் என்ன ஆட்டம் என்று ஒருநாள் மேலிருந்தே கேட்டுவிட்டேன்.

"அவுட்டானவங்கள உக்கார வெச்சா மொதல்ல யாரு அக்கா உக்காருவாங்க? ஓட வராதவங்கதான். அவங்களுக்குத்தானே ஓட்டமே ஓணும்?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலமெல்லாம் முதலில் அவுட்டாகி மரத்தடியில் உட்கார்ந்து அடுத்தவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவள் நான்.

இதையெல்லாம் என் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக உருவப் பார்ப்பதும், நான் மறுபடியும் இறுக்கிப் பிடிப்பதுமாக இருந்தோம். ஒருநாள் அந்தப் பெண் நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, பாப்பாவ அனுப்பறீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இன்னாம்மா, தெரிஞ்சிதான் கேக்குறியா? அவளுக்குக் காது கேக்காது. ஓட்ற பசங்க நடுவுல உட்டுட்டு நான் இங்க உயிரக் கையில புடிச்சிக்கினு நிக்கணுமா? தெருவுலேர்ந்து அந்த மனைக்குள்ள வர்ற வழி தொறந்துதான் கீது. நாளைக்கு ஒரு லாரி உள்ள வந்தா இன்னா பண்ணுவே?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அல்லது, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது அக்கா என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இவள் திரும்பி அந்த வழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க சொல்றது கரெக்டுதான் அக்கா. அந்த வழிக்கு ஏதாவது பண்ணணும். அதுவரைக்கும் நீங்களே வந்து அங்க நில்லுங்களேன்" என்றாள்.

பிள்ளையை அனுப்பு என்று கேட்க வந்தவள் எனக்கும் சேர்த்து வேலை கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் நான் அந்த வழியில் காவல் நின்றேன். என் மகள் இடுப்பில் வாலைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். "இவளுக்குக் காது கேட்காது, பார்த்து விளையாடுங்கள்" என்று அந்தப் பெண் ஒரு பிரசங்கம் வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. தேவையும் இருக்கவில்லை. அங்கே யாரும் சத்தத்தை நம்பி விளையாடவில்லை. இரும்பு ஆலையில் வேலை செய்யும் வடக்கத்திக் குடும்பங்களின் பிள்ளைகளும் வந்தார்கள், அவர்களுக்கு நம் பாஷை அரைகுறை. அவர்களும் கையைத்தான் பார்த்தார்கள். என் மகளுக்காக யாரும் எதையும் மாற்றவில்லை. அவள் வருவதற்கு முன்பே ஆட்டம் அவளுக்குத் தோதாக இருந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அங்கே நின்றுகொண்டு நான் பிசிறு தேடினேன். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நடக்க வைத்துக் கண்ணாடித் துண்டு, ஆணி, முள் பொறுக்குவாள். பார்த்தேன், சரியாக இருந்தது. தண்ணீர்க்குடம் நிழலில் இருந்தது. செருப்பு அறுந்த பிள்ளைக்கு வேறு செருப்பு கிடைக்கும்வரை ஓட்டம் இல்லை, அவனைக் கல்லுக்குக் காவல் போட்டாள். எல்லாப் பிள்ளைகளும் தெருவுக்கு எதிர்ப்பக்கமாகவே ஓடுகிற மாதிரி ஆட்டத்தை அமைத்திருந்தாள். மனசுக்குள் இவளுக்கு 'ஓகே' முத்திரை குத்த வேண்டியதாகிவிட்டது. எனக்கு அது லேசில் வராது.

அப்புறம்தான் அந்த மோதல் நடந்தது. என் மகளும் ஒரு குண்டுப் பையனும் வேறு வேறு வாலைப் பார்த்துக்கொண்டே ஓடி நேருக்கு நேர் இடித்துக்கொண்டார்கள். அவளுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அந்தப் பெண் அதற்குள் ஆட்டத்தை நிறுத்தி, வாயைக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்தி, பல் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு, "இனிமே எல்லாரும் கல்ல ஒரே பக்கமா சுத்தித்தான் ஓடணும்" என்று சட்டத்தையும் மாற்றிவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனால் என் பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சரி, தப்பெல்லாம் கண்ணில் படுமா? மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் அவள் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

"உழாத புள்ள எந்த ஊர்ல கீது?" என்றார் அவளுடைய அப்பா.

"காது கேக்குற புள்ள உழட்டும்" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சைகையில் நான் எதுவும் சொல்லிவிட முடியாதபடி கண்ணை மூடிக்கொண்டாள். காது கேட்காத பிள்ளை கண்ணையும் மூடிக்கொண்டால் தாய்க்காரி எந்தக் கதவைத் தட்டுவாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். சாயங்காலம் கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. தெருமுனைக்கு வந்தால் ஒரு டிரெய்லர், பின்பக்கத்தை எங்கள் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தாண்டி வந்து மனைப் பக்கம் பார்த்தால், பிள்ளைகளுக்கு நடுவே என் மகள்! அப்பாக்காரர் பாயைச் சுருட்டி வழிவிட்டிருக்கிறார் என்று புரிந்தது. உதட்டில் காயம்கூட இன்னும் ஆறவில்லை. ஒரு பையனின் வாலைத் துரத்திக்கொண்டு, நான் காவல் நின்ற அதே திறந்த வழியை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். ஒன்பது வருஷமாகத் தெரியும் அவளுக்குக் கேட்காது என்று, இருந்தும் கத்தினேன். பெற்ற வயிறு கத்தத்தானே செய்யும். அவள் ஓடி வந்துகொண்டே இருந்தாள். கண் வாலின் மேல். அப்போது நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. என் வலது கை தானாக மேலே போயிற்று.

என்னை முதலில் பார்த்தது, கல்லருகே நின்றிருந்த ஒரு வடக்கத்திப் பொண்ணு. அவள் கை உயர்ந்தது. அவளைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் எனக்கு எண்ணத் தெரியவில்லை, அந்த மனை முழுக்கக் கைகள். என் மகள் துரத்திய பையன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்த என் மகள், ஓடிய வேகத்தில் மண்ணைச் சறுக்கி, ஒரு கையை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்தப் பெண் என்னிடம் நடந்து வந்தாள். "இன்னா பாத்தீங்க அக்கா?"

"லாரி" என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். டிரெய்லரின் எஞ்சின் ஓடவில்லை, உள்ளே ஆளும் இல்லை. எனக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே, நான் திட்டித் தீர்த்த அந்த வழி முழுக்கப் பழைய லாரி டயர்கள் மண் நிரப்பி அடுக்கப்பட்டிருந்தன. நான் காவலுக்குப் போகாத அந்த ஒரு வாரத்துக்குள் செய்திருக்கிறாள். தலைமுடி மெல்லிசில் பிசிறு கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு அவ்வளவு பெரிய டயர்கள் தெரியவில்லை.

"ஆன்ட்டி, டிரைவரு டீக்கடைல கீறாரு!" என்று ஒருத்தன் உள்ளேயிருந்து கூவினான்.

"டேய், ஏன்னு கேக்கக் கூடாதுடா!" என்று கையை இறக்காமலே அவனை அதட்டினாள் இன்னொருத்தி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பாத்ததுக்கு தேங்க்ஸ் அக்கா" என்றாள். கொசுவுக்குச் சொன்ன அதே குரல். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. கை மேலே இருந்ததால் முடியவில்லை.

என் மகள் இப்போது தலையைத் திருப்பி, யார் முதலில் தூக்கியது என்று தேடினாள். என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய இன்னொரு கையின் விரல்கள் அந்தப் பையனின் வாலுக்கு ஒரு சாண் தள்ளி நீண்டபடியே இருந்தன. அவள் முகத்தில் இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிறந்ததிலிருந்து எத்தனை தடவை அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டிருப்பேன். ஒரு தடவைகூட அவள் நின்றதில்லை, நான்தான் ஓடிப்போய்ப் பிடிப்பேன். இன்றைக்கு நான் தூரத்திலிருந்து கூப்பிட்டேன், அவள் நின்றாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். நான் இறக்கினால்தான் ஆட்டம். வேண்டுமென்றால் அப்படியே நடந்துபோய் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்திருக்கலாம். இந்தப் பக்கம் போகவே கூடாது என்று சொன்னவளும் நான்தான். அவள் பொறுக்க முடியாமல் காலை உதைத்து, உயர்த்திய கையை என்னைப் பார்த்து ஆட்டினாள். இறக்கும்மா என்று.

இறக்கினேன். அவள் ஓடினாள்.